குழந்தைகளின் மொழிக் குறைபாட்டைக் கண்டறிவதில் மென்பொருள்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு

மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைக்குச் சொற்களைக் கற்பதும், வாக்கியம் அமைப்பதும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் நெடுநாள் கடினமாகவே இருக்கும். காது கேளாமை, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைவு போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமலே இந்த நிலை வருகிறது. இங்கிலாந்தில் 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளில் சுமார் 7 விழுக்காட்டினரிடம் இதைக் கண்டது. அந்தக் கணக்கில் 30 பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு குழந்தைகள் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்களைக் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், அடம்பிடிப்பவர்கள், படிப்பில் மந்தமானவர்கள் என்றுதான் சுற்றியிருப்போர் நினைக்கிறார்கள். உதவி கிடைக்க வேண்டிய ஆண்டுகள் அப்படியே போய்விடுகின்றன.

இந்தக் குழந்தைகளை விரைவில் அடையாளம் காண மென்பொருள் மூன்று வகையில் உதவுகிறது. ஒன்று, குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து, எண்ணி, அளக்கிறது. இரண்டு, யாருக்கு முழுமையான பரிசோதனை தேவை என்று முதற்கட்டமாகப் பிரித்துக் காட்டுகிறது. மூன்று, தொலைவில் இருக்கும் வல்லுநரைக் குழந்தையின் அருகே கொண்டுவருகிறது. குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற பேச்சு மொழி வல்லுநர். ஸ்பீச் தெரபிஸ்ட் என்று பெற்றோர் குறிப்பிடுவது அவரைத்தான். மென்பொருள் தரும் எண் அவருக்கு ஒரு சான்று மட்டுமே. தாராவியிலோ உல்லாஸ்நகரிலோ மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளரும் தமிழ்க் குழந்தையின் விஷயத்தில் சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். அந்தக் குழந்தை பேசும் தமிழை அறிந்து செய்த மென்பொருள் மிகக் குறைவு.

முதல் படி: காது

எந்தச் செயலியைத் திறப்பதற்கு முன்பும் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடக் குழந்தைக்குப் பேச்சு மங்கலாகவே கேட்கும். அந்த நிலையில் எடுக்கும் மொழிச் சோதனை காதின் குறையை மொழியின் குறையாகக் காட்டிவிடும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறது என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று கொள்ள முடியாது. தாழ்ந்த ஒலிகள் கேட்டு, ச, த போன்ற மெய்யொலிகளின் உயர்ந்த அதிர்வுகள் கேட்காமல் போவதும் உண்டு.

கைக்குழந்தைகளுக்கு உட்காதின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனையும், தூங்கும்போது செவி நரம்பின் துடிப்பைப் பதிவு செய்யும் பெரா சோதனையும் செய்யப்படுகின்றன. சொன்னதைக் கேட்டு நடக்கக்கூடிய வயதில் ஹெட்போன் மாட்டி ஆடியோகிராம் எடுக்கிறார்கள். கைப்பேசியில் ஒலி எழுப்பிக் காதைச் சோதிக்கும் செயலிகள் இவற்றுக்கு ஈடாகா. அறையின் இரைச்சலும் ஹெட்போனின் தரமும் அவற்றின் முடிவை மாற்றிவிடும்.

பேச்சு மாதிரியைப் பதிவு செய்தல்

மொழியை அளக்கும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, குழந்தை இயல்பாகப் பேசிய பேச்சு. பொதுவாக 50 முதல் 100 கூற்றுகள் தேவைப்படும். பேசத் தொடங்கிய குழந்தையிடம் 15 முதல் 20 நிமிடப் பதிவில் அது கிடைத்துவிடும். பதிவின் தரம் மோசமாக இருந்தால் பின்னால் செய்யும் எந்தக் கணக்கும் பயன்படாது. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சி, மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் ஒன்றாகப் பதிவாகும். அதனால் பின்வருவனவற்றைக் கவனிப்பது நல்லது.

- வீட்டில் சத்தம் குறைந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தல். தொலைக்காட்சியை அணைத்துவிடுதல்.
- கைப்பேசியைக் குழந்தையிடமிருந்து ஒரு முழ தூரத்தில், துணி விரித்த பரப்பின் மேல் வைத்தல். ஒலிக்கோப்பைச் சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் சேமித்தல்.
- மூன்று சூழல்களில் பேச வைத்தல்: பொம்மையோடு விளையாடும்போது, படங்களைப் பார்த்துக் கதை சொல்லும்போது, நேற்று நடந்த ஒன்றை விவரிக்கும்போது.
- "இது என்ன? அது என்ன நிறம்?" என்று வினாவிடை நடத்தாமல் இருத்தல். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் குழந்தை வாக்கியமாகப் பேசும்.
- தாயோடு ஒரு பதிவும், தெருவில் கூட விளையாடும் பிள்ளையோடு ஒரு பதிவும் எடுத்தல். தாயிடம் தமிழ் பேசும் குழந்தை தோழனிடம் இந்தி பேசும். இரண்டும் தேவை.

பதிவைப் படியெடுக்கும்போது குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். "தண்ணி" என்றால் "தண்ணி"தான். "தண்ணீர்" என்று திருத்தக் கூடாது. குழந்தை விட்டுவிட்ட உருபைப் பெரியவர் நிரப்பிவிட்டால், தேடிய குறையே தாளில் இல்லாமல் போய்விடும். பத்து நிமிடப் பேச்சைக் கவனமாகப் படியெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

எண்ணும் மென்பொருள்கள்

படியெடுத்த பேச்சை ஆராயும் மென்பொருள்களில் இரண்டு நீண்டகாலமாகப் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் மில்லரும் ராபின் சாப்மனும் உருவாக்கிய சால்ட், குழந்தையின் பேச்சை அதே வயதுக் குழந்தைகளின் பேச்சுத் தொகுப்போடு ஒப்பிட்டுக் காட்டும். அதன் ஒப்பீட்டுத் தொகுப்புகள் முக்கியமாக ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் உரியவை. மற்றொன்று கிளான். பிரையன் மெக்வின்னியும் கேதரின் ஸ்நோவும் 1984-இல் தொடங்கிய சைல்ட்ஸ் என்னும் குழந்தை மொழிக் கருவூலத்தோடு வளர்ந்தது இது. இலவசமாகக் கிடைக்கிறது, எந்த மொழியின் பேச்சையும் இதில் இடலாம். எத்தனை வேறுபட்ட சொற்கள் வந்தன, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது, கூற்றின் சராசரி நீளம் என்ன என்பதையெல்லாம் நொடிப்பொழுதில் எண்ணிக் கொடுக்கும். ஒலிகளை நுணுகி ஆராய, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய பிராட் என்னும் இலவச மென்பொருள் பயன்படுகிறது.

சைல்ட்ஸ் கருவூலத்தில் தமிழும் இருக்கிறது. அது மும்பையின் கொடை. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன், பின்னாளில் குழந்தைகள் மொழியை எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்வியில் ஆழ்ந்தார். அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தை 9 மாதம் முதல் 33 மாதம் வரை பெரியவர்களோடு பேசிய பேச்சைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்து தொகுத்தார்கள். இந்தியாவின் முதல் தலைமுறைக் கணினி அறிஞர் ஒருவர் தமிழ் மழலையை ஆய்வுப் பொருளாக ஏற்றது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் ஒரு குழந்தையின் பேச்சைக் கொண்டு பிற குழந்தைகளுக்கு அளவுகோல் வகுக்க முடியாது. அந்தத் தொகுப்பு வளர்ச்சியின் வரிசையைக் காட்டும். எந்த வயதில் எவ்வளவு பேசினால் போதும் என்று சொல்ல, பல வட்டாரங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பேச்சு வேண்டும்.

தமிழ்ப் பேச்சில் எண்ணிக்கை தவறும் இடங்கள்

ஆங்கிலத்துக்காகச் செய்த அளவுகளை அப்படியே தமிழில் பயன்படுத்தினால் நான்கு இடங்களில் தவறு நேரும்.

முதலாவது, சொற்களை எண்ணுதல். "அம்மா கடைக்குப் போனாங்க" என்பதில் மூன்று சொற்கள். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ஐந்து சொற்கள் ஆகும். தமிழ் வாக்கியத்தை அம்மா, கடை, கு, போ, இறந்தகால இடைநிலை, ஆங்க என்று பிரித்தால் ஆறு பொருள்கூறுகள் கிடைக்கும். ஆகவே தமிழில் சொற்களை விட்டுவிட்டு உருபுகளையும் விகுதிகளையும் எண்ண வேண்டும். மொழிக் குறைபாடு தலைகாட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய சிறு கூறுகளில்தான். வேற்றுமை உருபை விட்டுவிடுதல், காலம் மாறிவிடுதல், எழுவாய்க்குப் பொருந்தாத விகுதி ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பேச்சு வழக்கு. குழந்தை "வந்தா" என்று சொன்னால் அது "வந்தாள்" ஆகலாம், "வந்தால்" ஆகலாம். "வந்தான்" என்பதன் ஈற்று மெய்யும் பேச்சில் மறைந்து மூக்கொலியாகவே நிற்கும். பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் அந்த மூக்கொலியைத் தவறவிட்டால், சரியாகப் பேசிய குழந்தை ஆண்பால் பெண்பாலைக் குழப்பியதாகக் கணக்கில் ஏறிவிடும். பதிவைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பதே இதற்கு வழி.

மூன்றாவது, வட்டார வழக்கு. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தஞ்சை, பாலக்காட்டு வழக்குகளும் கேட்கும். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வீட்டில் வளரும் பிள்ளை "பளம்" என்றுதான் சொல்லும். உச்சரிப்புச் செயலி அதைப் பிழை என்று சிவப்பில் காட்டினாலும் அது குறைபாடு ஆகாது. வீட்டு வழக்கைக் குழந்தை சரியாகக் கற்றிருக்கிறது. தாயும் தந்தையும் அதே சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். ழ, ற போன்ற ஒலிகள் பிற ஒலிகளுக்குப் பிறகே கைவரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நான்காவது, பயிற்சித் தரவு. தானியங்கி மென்பொருள்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் குரலைக் கேட்டுப் பழகியவை. குழந்தையின் குரல்வளையும் வாய்க்குழியும் சிறியவை. குரலின் அதிர்வெண் உயர்ந்திருக்கும். அதனால் பெரியவர்களின் பேச்சைக் காட்டிலும் குழந்தைப் பேச்சில் மென்பொருள் அதிகம் தவறும். இலக்கண ஆய்விலும் இதே நிலைதான். தமிழ் வாக்கியங்களைக் கணினி பகுத்தறியப் பயன்படும் டி.டி.பி. என்னும் தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்கள். அவையும் செய்தித்தாள் நடையில் உள்ளவை. அந்த நடையில் பழகிய மென்பொருளுக்கு "போயிட்டேன்", "குடுக்கல" என்பவை புதியவை. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.ஃபார்பாரத் போன்ற குழுக்கள் இந்திய மொழிகளின் பேச்சைப் பெருமளவில் திரட்டிவருவதால் இந்தப் போதாமை குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

பல மொழி கேட்டு வளரும் குழந்தை

உல்லாஸ்நகர், பிரிவினையின்போது வந்த சிந்தி மக்களுக்காக 1949-இல் உருவான ஊர். அங்கே ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் சிந்தியும், பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ கேட்கிறது. இப்படிப்பட்ட குழந்தையைத் தமிழில் மட்டும் சோதித்தாலும் இந்தியில் மட்டும் சோதித்தாலும் மதிப்பெண் குறைவாகவே வரும்.

சரியான வழி, எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணுவது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தமிழில் 28 சொற்களும், இந்தியில் 22 சொற்களும், மராத்தியில் 8 சொற்களும் பேசுவதாகக் கொள்வோம். மொத்தம் 58. "தண்ணி"யும் "பானி"யும் போல ஒரே பொருளுக்கு இருமுறை வந்தவை 6 என்றால், குழந்தை பெயரிடத் தெரிந்த பொருள்கள் 52. இரண்டு வயதில் 50 சொற்களும் இரு சொல் இணைப்புகளும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. தமிழை மட்டும் எண்ணும் செயலி இந்தக் குழந்தைக்குத் தாமதம் என்று எச்சரிக்கும். மூன்று மொழிகளையும் எண்ணினால் குழந்தை எல்லையைத் தாண்டியிருப்பது தெரியும்.

"அம்மா, பானி வேணும்" என்று மொழிகளைக் கலந்து பேசுவது கோளாறின் அறிகுறி அன்று. பல மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு வருவதும் இல்லை. உண்மையான குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். ஒரு மொழியில் மட்டும் பின்தங்கியிருந்தால், அந்த மொழியைக் குழந்தை எவ்வளவு கேட்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குழந்தைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவதால் பயன் இல்லை. தாயும் பாட்டியும் தங்குதடையின்றிப் பேசக்கூடிய மொழி குறைந்துபோவதுதான் நடக்கும்.

எந்த மொழிக்கும் உரியதல்லாத, பொருளற்ற சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனை இத்தகைய குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. ஏற்கெனவே எத்தனை சொல் தெரியும் என்பதை அது அதிகம் சார்ந்திருப்பதில்லை. ஐரோப்பாவில் 2009 முதல் 2013 வரை நடந்த கூட்டு ஆய்வு ஒன்று பல மொழிக் குழந்தைகளுக்கென இத்தகைய சோதனைகளையும் படக்கதைச் சோதனையையும் வகுத்தது. கணினியில் ஒலியை ஒரே மாதிரி ஒலிக்கச் செய்து பதிலைப் பதிவு செய்ய முடிவதால், சோதிப்பவர் மாறினாலும் சோதனை மாறுவதில்லை.

முதற்கட்டச் சோதனைச் செயலிகள்

பள்ளி ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பயன்படுத்தும் செயலிகள் வேறு வகை. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பிரஷஸ்த், ஆசிரியர் வகுப்பில் கவனித்தவற்றைக் கேள்விப் பட்டியலாகக் கேட்டு, எந்த வகைச் சிரமம் இருக்கலாம் என்று காட்டுகிறது. தில்லியில் சோதிக்கப்பட்ட ஸ்டார்ட், ஆட்டிசம் போன்ற வளர்ச்சி வேறுபாடுகளைத் தேடும் டேப்லெட் செயலி. சிறப்புப் பயிற்சி இல்லாத சுகாதாரப் பணியாளர் குழந்தையின் வீட்டிலேயே விளையாட்டுகள் மூலம் நடத்தக்கூடியது. எழுத்து வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட டாலி சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வந்தது. மராத்தி வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அது உதவும். மழலைப் பருவத்துக்குத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் லெஸ்ட் அளவுகோல் கேள்வித்தாள் வடிவில் உள்ளது.

இத்தகைய கருவி ஒன்று "90 விழுக்காடு துல்லியம்" என்று விளம்பரப்படுத்தப்பட்டால் அதன் பொருளைக் கணக்கிட்டே அறிய வேண்டும். 1,000 குழந்தைகளில் 70 பேருக்குக் குறைபாடு உள்ளதாகக் கொள்வோம். குறைபாடு உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கருவி பிடித்தால் 63 பேர் கிடைப்பார்கள். 7 பேர் தப்பிவிடுவார்கள். குறைபாடு இல்லாத 930 பேரில் 10 விழுக்காட்டினரைத் தவறாகக் குறித்தால் அது 93 பேர். ஆக எச்சரிக்கை பெற்ற 156 பேரில் உண்மையான குறைபாடு உள்ளவர்கள் 63 பேர் மட்டுமே. ஆகவே செயலி சிவப்பு காட்டினால் அதன் பொருள், முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதே. பச்சை காட்டினாலும் பெற்றோருக்கு ஐயம் இருந்தால் பரிசோதனைக்குப் போகலாம்.

செயலி எதுவும் இல்லாமலே உடனடியாக வல்லுநரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகளும் உண்டு: ஒரு வயதில் மழலை ஒலியோ கைகாட்டுதலோ இல்லாமை, ஒன்றரை வயதுக்குள் பொருளுள்ள சொல் வராமை, இரண்டு வயதில் இரு சொல் சேராமை, நான்கு வயதிலும் வெளியாருக்குப் பேச்சு புரியாமை. எந்த வயதிலாயினும், முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோனால் காத்திருக்கக் கூடாது.

குழந்தையின் குரலும் உரிமையும்

பதிவு செய்த குரலும் காணொளியும் குழந்தையின் அந்தரங்கத் தகவல்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவரது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பள்ளியோ அமைப்போ செயலியைப் பயன்படுத்தும் முன், பதிவு எங்கே சேமிக்கப்படும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். பதிவை வாட்சப் குழுக்களில் பகிர்வது தவிர்க்கப்பட வேண்டும். வகுப்பில் செயலியின் முடிவைப் பிற பிள்ளைகள் அறியச் சொல்லவே கூடாது.

மென்பொருளிலிருந்து மருத்துவமனைக்கு

மும்பையில் செவி, பேச்சுப் பரிசோதனைக்குரிய முதன்மையான அரசு நிறுவனம், 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம். அது பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் மருத்துவமனையில் செவியியல், பேச்சு மருத்துவக் கல்லூரியும் உண்டு. தாராவிக்கு அருகே சயான் மருத்துவமனை. பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனை. உல்லாஸ்நகர்க் குடும்பங்கள் அங்குள்ள அரசு மத்திய மருத்துவமனையில் குழந்தை மருத்துவரின் பரிந்துரை பெற்று வரலாம். சயான் மத்திய ரயில் பாதையிலேயே உள்ளது. பாந்த்ராவுக்குத் தாதரில் மாற வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை முதற்கட்டச் சோதனை இலவசம். மொழித் தாமதமும் அதன் பட்டியலில் இருக்கிறது.

தமிழ் அறிந்த பேச்சு வல்லுநர் அருகில் கிடைக்காதபோது காணொளி வழி ஆலோசனை பெரும் துணை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், கிராமத்துக்குச் சென்ற ஊர்தியில் இருந்த குழந்தையின் செவித்திறனைச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே தொலைவிலிருந்து சோதித்துக் காட்டியது. அதுபோலத் தமிழ்நாட்டு வல்லுநர் ஒருவர் குழந்தையின் தமிழைக் கேட்டுக் கருத்துச் சொல்ல, மும்பை வல்லுநர் இந்தியையும் மராத்தியையும் சோதித்து, இருவரும் சேர்ந்து முடிவுக்கு வரலாம்.

வல்லுநரிடம் செல்லும்போது பின்வருவன கையில் இருந்தால் முதல் சந்திப்பே பயனுள்ளதாகும்: செவித்திறன் அறிக்கை, மூன்று சூழல்களின் ஒலிப்பதிவு, மொழிவாரியாகச் சொற்பட்டியல், எந்த மொழியை யாரிடம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்ற குறிப்பு, செயலியின் முடிவு இருந்தால் அதன் நகல், பள்ளி ஆசிரியரின் கருத்து.

சலுகைகளுக்கான சான்றிதழைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அதில் பேச்சு மொழிக் குறைபாடு என்ற வகை, உடல் அல்லது நரம்புக் காரணத்தால் வந்த நிரந்தரக் குறைபாட்டைக் குறிக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகையின் விளக்கத்தில், பேச்சிலோ எழுத்திலோ மொழியைக் கையாளும் சிரமம் அடங்கும். எனவே மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள பள்ளிப் பிள்ளையின் பெற்றோர், எந்த வகையில் விண்ணப்பிப்பது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சான்றிதழை வழங்குவது அதிகாரம் பெற்ற மருத்துவ அமைப்பு; செயலியின் அச்சுப்படி அதற்குச் செல்லாது.

குறைபாடு உறுதியானபின் மென்பொருளுக்கு இன்னொரு வேலை உண்டு. பயிற்சி தொடங்கும்போது எடுத்த பேச்சு மாதிரியைப் போலவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே சூழலில், அதே அளவுக்குப் பதிவு எடுத்து, அதே முறையில் எண்ணிப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும். பிற குழந்தைகளோடு ஒப்பிடத் தமிழில் அளவுகோல்கள் போதாதபோதும், குழந்தையைத் தன் பழைய நிலையோடு ஒப்பிடும் இந்தக் கணக்கு நம்பத்தக்கது. பயிற்சியைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று வல்லுநரும் பெற்றோரும் இதைக் கொண்டு முடிவு செய்யலாம்.